சால்வையின் மறுபக்கம்

இலண்டனுக்கு வரும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளைத் தேடிப் போவது என் வழக்கம். இம்முறை என் பெறாமகள் என்னை வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றாள். தம்பியின் மகளான அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இப்போது துணி வடிவமைப்புப் படிக்கிறாள். "பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை பழைய உடுப்புக் கண்காட்சி ஒண்டு இருக்கு. எனக்குக் கொஞ்சம் சாமான் வாங்கவேணும். நீங்களும் வாங்கோவன்" என்றாள்.

பழைய உடுப்பை நாங்கள் கந்தை என்போம். அதைப் பார்ப்பதற்கு நுழைவுக் கட்டணம் வேறு செலுத்த வேண்டுமாம். இருந்தாலும், ஐம்பது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் காலம் கழித்தவனுக்கு, அறியாத இடமொன்றுக்கு வரச்சொல்லி யாராவது கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது. போனேன். போனதால் அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நகர மண்டபம் ஒன்றில் அந்தச் சந்தை நடந்தது. வரிசை வரிசையாக மேசைகள். மேசைகளுக்குப் பின்னே இரும்புக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான உடுப்புகள். பூச்சி உருண்டை வாசனையும் நெடுங்காலம் பெட்டிக்குள் கிடந்த பருத்தியின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. இளம்பெண்கள், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உடை சேர்ப்பவர்கள், சேகரிப்பாளர்கள், கையில் சிறு மின்விளக்குடன் கதவு திறந்தவுடனேயே நுழைந்துவிடும் வியாபாரிகள் என்று பலரும் அங்கிருந்தார்கள். நூறு வயதைத் தாண்டியதை 'அன்ரிக்' என்றும், இருபதுக்கும் நூறுக்கும் இடைப்பட்டதை 'விண்டேஜ்' என்றும் அவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் நானும் இன்னும் விண்டேஜ்தான்.

உட்புறம் சொல்லும் வயது

பெறாமகள் எந்த உடுப்பையும் முன்புறம் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து எடுத்ததும் உட்புறத்தைத்தான் திருப்பினாள். "வெளிப்பக்கம் பொய் சொல்லும் பெரியப்பா. உள்பக்கம் சொல்லாது" என்றாள். அரசாங்க அறிக்கைகளைப் பற்றி எங்களுடைய பழைய செய்தி ஆசிரியர் ஒருவர் சொல்லும் வார்த்தையும் ஏறக்குறைய இதுவேதான்.

அவள் எனக்குச் சொல்லித் தந்த பாடம் எளிமையானது. நீளத் தையல்கள் எல்லாம் கையால் போடப்பட்டிருந்தால் அந்த உடுப்பு பெரும்பாலும் 1850களுக்கு முந்தியதாக இருக்கலாம். எலியாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்கு 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றார்கள். அடுத்த இருபது வருடங்களுக்குள் இயந்திரத் தையல் எங்கும் பரவிவிட்டது. பக்கத் தையலில் உலோகச் 'சிப்' இருந்தால் அது 1930களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருப்பது அரிது. நிறமும் சாட்சி சொல்லும். 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று தோற்றபோது, குடுவையின் அடியில் ஊதா நிறமொன்றைக் கண்டார். அதுதான் முதலாவது செயற்கைச் சாயங்களில் பெயர்பெற்றது. 1858 ஜனவரியில் தன் மூத்த மகளின் திருமணத்துக்கு விக்டோரியா மகாராணி அந்த நிறத்தில் உடுத்திவர, நாடெங்கும் அந்த ஊதா பரவியது.

பட்டு வாங்குகிறவர்களுக்கு அவள் சொன்ன எச்சரிக்கை என்னை மிகவும் கவர்ந்தது. நூறு வருடத்துப் பட்டுச் சட்டையொன்று தொட்டவுடன் நீளவாட்டில் கீறல் கீறலாகப் பிளந்துவிடுகிறது. அதைவிட மூத்த பட்டோ புதிது போல் இருக்கிறது. காரணம் என்னவென்றால், பட்டு நூலை அவித்து அதன் பசையை நீக்கினால் ஏறக்குறைய கால்பங்கு எடை போய்விடும். பட்டு எடைக் கணக்கில் விலைபோகும் பொருள். இழந்த எடையை ஈடுசெய்ய வெள்ளீய உப்புகளில் பட்டை ஊறவைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிற்று. அந்த உப்புத்தான் உள்ளிருந்தே இழையை அரித்துவிடுகிறது. நிறையில் செய்த மோசடி நூறு வருடம் கழித்து வெளியே வருகிறது.

பச்சை இலையும் பங்கீட்டுச் சட்டையும்

ஒரு மேசையில் தொப்பிகளில் குத்தும் செயற்கைப் பூக்களும் இலைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. 'தொடவேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். நான் விலையுயர்ந்த பொருள் என்று நினைத்தேன். இல்லை, நஞ்சு. 1770களில் கார்ல் ஷேல என்ற சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஓர் அழகிய பச்சையை உண்டாக்கினார். அதற்குப்பின் அதே இனத்தில் இன்னும் பளிச்சென்ற பச்சைகள் வந்தன. சுவர்க் கடதாசி, ஆடை, தொப்பி இலை எல்லாவற்றிலும் அது ஏறிற்று. 1861 நவம்பரில் இதே இலண்டனில் மற்றில்டா ஷொயெறர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளின் மேல் அந்தப் பச்சைப் பொடியைத் தூவுவது அவளுடைய தொழில். அவளது மரணம் பத்திரிகைகளில் வந்து பெரும் பேச்சானது. தொப்பி அணிந்த சீமாட்டிகளின் கதை நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இலை செய்தவர்களில் பெயர் தெரிந்தவர் மிகச் சிலர். அவளும் இறந்ததனாலேதான் பெயர் பெற்றாள்.

இன்னொரு கம்பியில் நீல நிறச் சட்டையொன்று. கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் ஒரு சிறிய முத்திரை: வெட்டிய இரண்டு பாலாடைக் கட்டிகள் போல் இரண்டு 'சி', பக்கத்தில் 41. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் விதித்த சிக்கன உடுப்பின் அடையாளம் அது. 1941 ஜூன் 1ஆம் திகதி உடுப்புப் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கு முதல் வருடத்துக்கு 66 கூப்பன்கள். கம்பளிச் சட்டை ஒன்றுக்கு 11 கூப்பன்கள் போய்விடும். எத்தனை மடிப்பு, எத்தனை பொத்தான் என்பதற்குக்கூடச் சட்டம் வந்தது. பங்கீடு 1949 மார்ச்சில்தான் நீங்கிற்று. முத்திரை 1952வரை இருந்தது. அந்தச் சட்டையின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. அதன் விலை, பக்கத்தில் தொங்கிய ஒட்டில்லாத சட்டையைவிட அதிகம். ஒட்டு இருப்பதால்தான் அதிகம் என்றார் விற்றவர்.

வேறொரு மேசையில் சட்டமிட்ட சிறு துண்டு ஒன்று, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணி, பதினெட்டாம் நூற்றாண்டு என்று குறிப்பு இருந்தது. இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காப்பதற்காக 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதையே சட்டம் தடைசெய்தது. 1774இல்தான் தடை நீங்கியது. இவ்வளவு காலமாகியும் அத்துண்டின் சிவப்பு மங்கவில்லை. அந்தக் கரையின் சிவப்புக்குப் பேர்போன மூலப்பொருள் சாயவேர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணல் நிலங்களில் அதைத் தோண்டுவித்து ஒல்லாந்தர் வியாபாரம் செய்தார்கள் என்பதை நம் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அந்தத் துண்டின் சிவப்பு எங்கள் வேர்தான் என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனாலும் நான் அந்த மேசையைவிட்டு உடனே நகரவில்லை.

எஞ்சியவையும் எஞ்சாதவையும்

மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றியபின் ஒரு விடயம் உறைத்தது. இத்தனை நூறு உடுப்புகளுக்குள் சமையற்காரியின் சட்டை எங்கே? நெசவாலைப் பெண்ணின் பாவாடை எங்கே? திருமண உடைகள், மாலை விருந்து உடைகள், ஞானஸ்நானச் சட்டைகள் ஏராளம். ஒருநாள் இரண்டுநாள் உடுத்து மடித்து வைத்தவைதான் எஞ்சுகின்றன. அளவுகளும் பெரும்பாலும் சிறியவை. பெரிய உடுப்பை வெட்டி இன்னொருவருக்குத் தைக்கலாம். சிறியதை ஒன்றும் செய்ய இயலாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

உழைத்தவர்களின் உடுப்பு எங்கே போயிற்று என்பதற்கும் விடை உண்டு. முதலில் எசமாட்டி உடுத்தது வேலைக்காரிக்கு. பிறகு பழைய உடுப்புச் சந்தைக்கு. பிறகு பிள்ளைகளுக்கு வெட்டித் தைக்க. கடைசியில் கந்தைக்காரரின் சாக்குக்குள். பருத்திக் கந்தை கடதாசி ஆலைக்குப் போனது. கம்பளிக் கந்தையைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் முறையை யோர்க்ஷயரின் பாட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லோ என்பவர் 1813இல் கண்டுபிடித்தார். ஆகவே ஏழையின் சட்டை இன்னோர் ஏழையின் கோட்டாக மறுபிறவி எடுத்துவிட்டது. நூதனசாலைகளும் இந்தச் சந்தைகளும் நமக்குக் காட்டும் கடந்தகாலம் நன்றாக உடுத்தவர்களின் கடந்தகாலம் மட்டுமே. பழைய உடுப்பு வாங்கச் செல்பவர் எவரும் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

சால்வை

மதியமாகும்போது, மண்டபத்தின் மூலையில் ஒரு மூதாட்டியின் மேசைக்கு வந்தோம். அவரிடம் 'வெட்டுவதற்கு' என்று எழுதிய பெட்டி ஒன்று இருந்தது. பழுதுபட்டு உடுக்க இயலாத உடுப்புகளைப் பைகள், தலையணை உறைகள் செய்வதற்காக மலிவாக விற்பார்கள். பெறாமகள் தேடி வந்ததும் இதைத்தான். கல்லூரியில் ஒரு வேலைக்காகப் பழைய துணிகளை வெட்டிச் சேர்த்துப் புதிய அங்கி ஒன்று செய்யவேண்டுமாம்.

பெட்டியின் அடியிலிருந்து அவள் இழுத்தது தோளில் போடும் ஒரு மேலங்கி. கைகள் உடம்போடு ஒட்டியபடி தாழ்ந்து விழும். 'டோல்மன்' என்ற இந்த அமைப்பு 1870களிலும் 80களிலும் வழங்கியது. செம்மண் நிறமும் நீலமும் பச்சையும் கலந்து, நுனி வளைந்த மாங்காய்கள் ஒன்றுக்குள் ஒன்றாய் நீண்டு ஓடின. உலகம் அந்த வடிவத்தைப் 'பெய்ஸ்லி' என்கிறது. அது ஸ்கொட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். எங்கள் பெண்களுக்கு அது எப்போதும் மாங்காய்க் கரைதான். பூச்சி அரித்த ஓட்டைகள் பத்துக்கு மேல் இருந்தன. 'பெய்ஸ்லி சால்வையில் தைத்தது, 45 பவுண்' என்று சீட்டுத் தொங்கியது.

அவள் வழமைபோல் உட்புறம் பார்த்தாள். உள்துணி ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அந்தக் கிழிசலுக்குள் மின்விளக்கைப் பிடித்தவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பெரியப்பா, இது பெய்ஸ்லி இல்லை" என்றாள்.

ஜக்கார்ட் தறியில் நெய்த ஐரோப்பியச் சால்வையில் வண்ண இழைகள் பின்புறம் முழுவதும் ஓடும்; நெய்து முடிந்ததும் அவற்றைக் கத்தரித்துவிடுவார்கள். ஆகவே பின்புறம் வெட்டிய நூல்களாக, உரு மங்கித் தெரியும். காஷ்மீர்ச் சால்வை அப்படியல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு மரக்குச்சியில் நூல் சுற்றி, அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் கையால் செலுத்தி, எல்லையில் அடுத்த நிறத்தோடு கோத்துவிடுவார்கள். 'கனி' வேலை என்பது அதற்குப் பெயர். பின்புறத்தில் நிறங்கள் சந்திக்கும் இடமெல்லாம் மெல்லிய வரம்பு தட்டுப்படும். அவள் என் விரலைப் பிடித்து அந்த வரம்புகளின்மேல் வைத்தாள். பிறகு, ஒரு மாங்காயின் நடுவே கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒரு பொருத்தைக் காட்டினாள். ஒரு சால்வையைப் பல துண்டுகளாகப் பல தறிகளில் நெய்து, இழையோடு இழை வைத்துத் தைத்து ஒன்றாக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரில் பெருகியிருந்தது. அப்படிப் பொருத்துபவர் ரஃபுகர்.

அதுவரை பாடம் சொன்னவள் அவள். அதன்பின் எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

மூன்று சோடி சால்வைகள்

லடாக், திபெத் மேட்டுநிலங்களின் கடுங்குளிரில் ஆடுகளின் மேல்மயிருக்கு அடியில் வளரும் மென்மயிர்தான் பஷ்ம். அதை நூற்றவர்கள் காஷ்மீரின் பெண்கள், தங்கள் வீடுகளில். வரைபவர் ஒருவர், நிறங்களைச் சொல்பவர் ஒருவர், அதைக் குறியெழுத்தில் எழுதுபவர் ஒருவர், நெய்பவர் பலர். நல்ல சால்வை ஒன்று ஒரு வருடத்துக்கு மேலும் தறியில் இருக்கும். மொகலாய அரசவையில் பெருமை பெற்றிருந்த இச்சால்வை, நெப்போலியனின் 1798ஆம் ஆண்டு எகிப்துப் படையெடுப்புக்குப்பின் பிரான்சிய அதிகாரிகளின் பெட்டிகளில் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜோசபின் அரசி அதன்மேல் பித்துக்கொண்டார். அதன்பின் ஐரோப்பிய நாகரிகப் பெண்ணின் தோளில் காஷ்மீர்ச் சால்வை இருந்தேயாகவேண்டும் என்றாயிற்று.

இச்சால்வைக்கு அரசியலிலும் இடமுண்டு. 1846 மார்ச் 16ஆம் திகதி செய்துகொண்ட அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி பிரித்தானியர் காஷ்மீரைக் குலாப் சிங்குக்கு 75 இலட்சம் ரூபாவுக்குக் கொடுத்தார்கள். அத்துடன் வருடாவருடம் திறையாக ஒரு குதிரை, சால்வை மயிர் தரும் 12 ஆடுகள், 3 சோடி காஷ்மீர்ச் சால்வைகள். ஒரு நாட்டையும் அதன் மக்களையும் விற்ற பத்திரத்தில் சால்வைக்கு எண்ணிக்கை எழுதியிருந்தது. நெய்தவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நெய்தவனின் நிலை என்ன? சால்வையின்மேல் முத்திரை வரி, நெசவாளன்மேல் தலைவரி. கூலி அரைவயிற்றுக்கும் போதாது. தறிக்காரனைவிட்டு விலகவும் அனுமதியில்லை. தப்பியவர்கள் மலைகளைக் கடந்து பஞ்சாபுக்கு ஓடினார்கள். 1865 ஏப்ரல் 29ஆம் திகதி ஸ்ரீநகரின் நெசவாளர்கள் வரியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஸால்தகர் என்ற இடத்தில் படையினர் அவர்களைத் தாக்கித் துரத்தியபோது நீரில் விழுந்து மாண்டவர்கள் 28 பேர் என்பது பதிவு. உலகம் மே தினம் கொண்டாடக் காரணமான சிக்காகோ நிகழ்ச்சி 1886இல் நடந்தது. அதற்கு 21 வருடங்கள் முன்னர் நடந்த இதைத் தொழிலாளர் வரலாறு எழுதுபவர்களில் பலர் குறிப்பிடுவதில்லை.

ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் நிலைமை என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவ்வூர் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்து, காஷ்மீரின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்று முன்னேறிற்று. அப்படியானால் காஷ்மீரியின் வாயில் விழுந்த மண் பெய்ஸ்லி நெசவாளனுக்குப் பொன்னாயிற்றா? அதுவுமில்லை. 1841 தொடக்கம் 1843வரை வியாபாரம் விழுந்தபோது ஊரே பட்டினி கிடந்தது. 1842இல் விக்டோரியா மகாராணி பெய்ஸ்லிச் சால்வைகளை வாங்கி உடுத்து அவ்வூருக்கு உதவ முயன்றார். இரு நாட்டு நெசவாளனும் ஒருவனையொருவன் கண்டதில்லை. இருவருடைய சோறும் பாரிசிலும் இலண்டனிலும் எவளோ ஒரு சீமாட்டி கண்ணாடி முன் நின்று எடுக்கும் முடிவில் தங்கியிருந்தது.

அந்த முடிவு 1870 அளவில் வந்தது. அதுவரை எஃகு வளையக் கூட்டின்மேல் குடை போல் விரிந்த பாவாடைக்குப் பெரிய சால்வை பொருத்தமாக இருந்தது. பிறகு பாவாடை முன்னும் பக்கமும் ஒடுங்கிப் பின்புறம் மட்டும் புடைத்து நிற்கும் மோஸ்தர் வந்தது. பின்புற அலங்காரத்தைச் சால்வை மறைத்துவிடும். ஆகவே சால்வை வேண்டாம். அதே 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, காஷ்மீரின் பெரிய சந்தையும் மூடிற்று. பின்னாலேயே 1877 தொடக்கம் 1879வரை காஷ்மீரில் கொடிய பஞ்சம். கைத்திறன் கொண்ட சந்ததியொன்றில் பெரும்பகுதியை அது கொண்டுபோயிற்று.

ஐரோப்பிய வீடுகளில் பயனற்றுக் கிடந்த சால்வைகளில் சிலவற்றைப் பெண்கள் தையற்காரியிடம் கொடுத்து மேலங்கியாக வெட்டுவித்தார்கள். என் பெறாமகளின் கையில் இருந்தது அவற்றில் ஒன்று.

45 பவுண்

இப்போது அவளுக்கு ஒரு சிக்கல். காஷ்மீர் வேலை என்றால் பெறுமதி வேறு. சீட்டில் எழுதியதோ பெய்ஸ்லி. பேசாமல் 45 பவுணை நீட்டிவிட்டு நடக்கலாம். அந்தச் சந்தையில் கூர்மையான கண்ணுள்ளவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அதைத் திறமை என்கிறார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மூதாட்டியிடம் கிழிசலைக் காட்டி, விளக்கையும் கொடுத்து, இது காஷ்மீர் என்று நினைக்கிறேன் என்றாள். மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். நாற்பது வருடம் இந்த வியாபாரம் செய்கிறேன், உள்துணியைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டுவிட்டேன் என்று சிரித்தார். பிறகு, வெட்டிய சால்வை, பூச்சியும் அரித்துவிட்டது, விலை எழுதியது எழுதியதுதான். இதை என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். வெட்டுவதற்காக எடுத்தேன், இப்போது தெரியவில்லை என்றாள் இவள். மூதாட்டி சீட்டிலிருந்த 'பெய்ஸ்லி' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுக் 'காஷ்மீர்' என்று எழுதி, அந்தச் சீட்டோடேயே பொதிந்து கொடுத்தார்.

அம்மாவின் கூறை

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அவள் கேட்டாள்: "பெரியப்பா, அப்பம்மாவின்ரை கூறைச் சேலை எங்கை?"

சொன்னேன். 1940களின் நடுவில், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடிய காலத்தில், உறவினர் ஒருவர் அக்கரையிலிருந்து கொண்டுவந்த சேலை அது. அம்மா அதை ஊரில் எல்லாக் கலியாணங்களுக்கும் உடுத்தார். சரிகை கறுத்து மடிப்பில் பட்டு விட்டபோது வெட்டினார். அதில் ஒரு பாதி ஏணையாயிற்று. அந்த ஏணையில் கடைசியாகக் கிடந்தவன் இவளுடைய அப்பா. மிச்சத்தில் மாங்காய்க் கரையை மட்டும் எடுத்துத் தலையணை உறை ஒன்றுக்கு ஓரம் தைத்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அம்மா ஒரு பையில் காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டார். தலையணை அலுமாரியில் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அது நின்ற அறைக்குக் கூரையும் இல்லை.

"அதைப்பற்றி அம்மா பிறகு ஒருநாளும் கதைக்கேல்லை. துணிதானே எண்டிருப்பா" என்றேன். அவள் மடியிலிருந்த பொதியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூறையை யார் நெய்தார்? எந்த ஊர்த் தறி? அம்மாவுக்கும் தெரியாது, கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஊர் ஊராய்ப் போய் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பெயர், வயது, தொழில் கேட்டு எழுதியவன், சொந்த வீட்டு அலுமாரியில் கிடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டேன்.

வெட்டுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 1880களில் ஒரு தையற்காரி வெட்டியிராவிட்டால் அந்தச் சால்வை முழுவதாகப் பூச்சிக்குப் போயிருக்கலாம். அம்மா வெட்டியதால்தான் ஒரு குழந்தை அதில் தூங்கியது. எதை வெட்டுகிறோம் என்று அறியாமல் வெட்டுவதுதான் இழப்பு.

பெறாமகள் அந்த மேலங்கியை வெட்டவில்லை. வேறு துணியில் வேலையை முடித்தாள். ஆனால் கல்லூரியில் எந்தப் பழைய துணியைக் காட்டினாலும் அதன் விபரம் எழுதிய அட்டை வைக்கவேண்டுமாம். அவள் எழுதிய அட்டையை எனக்குக் காட்டினாள். பொருள்: பஷ்ம். முறை: கனி. இடம்: காஷ்மீர். நூற்றவர்: பெண்கள், பெயர் தெரியாது. நெய்தவர்: பலர், பெயர் தெரியாது. பொருத்தியவர்: பெயர் தெரியாது. வெட்டித் தைத்தவர்: பெயர் தெரியாது. வழமையாக அந்த இடத்தில் ஒரேயொரு கோடு போட்டுவிடுவார்களாம். இவள் நான்கு வரிகள் எழுதியிருந்தாள்.

வாசகர்களே, ரொறன்ரோவிலும் பாரிசிலும் மெல்பேணிலும் சென்னையிலும் உங்கள் வீட்டு அலுமாரிகளில் அம்மாவின், அம்மம்மாவின் சேலை ஒன்றாவது கிடக்கும். அதைப் பிளாஸ்ரிக் பையிலிருந்து வெளியே எடுங்கள். கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மடித்த மடிப்பிலேயே விடாமல் வருடத்துக்கு ஒருதடவையாவது மாற்றி மடியுங்கள். சரிகை முறிவது மடிப்பில்தான். பிறகு ஒரு கடதாசியில், யாருடையது, எந்த வருடம், எந்த ஊரிலிருந்து, யார் கொண்டுவந்தது, எந்தக் கலியாணத்துக்கு என்று எழுதி உள்ளே வையுங்கள். நெய்தவர் பெயர் தெரியாதென்றால் அதையும் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் இன்னும் ஒருவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.